சுவர் தாண்டும் வயர்

தியாகதுருகம் கோட்டை மலைப்பக்கம் சரிந்த வெயில், செந்தமிழ்ச்செல்வியின் முனகிக்கொண்டிருக்கும் பழைய கம்ப்யூட்டர்மேல் விழுகிறது. அதிலிருந்து ஒரு வயர் சுவர் ஓட்டை வழியாக பக்கத்து வீட்டு ஓரகத்தி ஆண்டாளின் கம்ப்யூட்டருக்குப் போகிறது. செல்வியின் கம்ப்யூட்டர் ஓடினால்தான் ஆண்டாளுடையதற்கு நெட். போன மாசம் செல்வியின் ஆன்லைன் வேலை இன்டர்வியூ நடுவில், வாசலிலிருந்த செல்வி வீட்டு மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டு, "கரண்டு போயிடுச்சிம்மா" என்றவள்தான் ஆண்டாள். ஆண்டாள் வீட்டு ஃபேன் மட்டும் ஜோராகச் சுற்றியது. இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஆண்டாள் பட்டுப்புடவை சரசரக்க, மகனுக்குப் பெண் தரப்போகிறவர்களிடம் கம்ப்யூட்டரில் வீடியோ காலில் குழைகிறாள்: "எங்க வூட்டுல பொய்யே பேச மாட்டோங்க." செல்வியின் விரல் தன் கம்ப்யூட்டர் ஸ்விட்சை அழுத்துகிறது. முனகல் நிற்கிறது. "ஏம்மா செல்வி, இன்னா ஆச்சு? பேசிக்கினு இருக்கசொல்லோ நெட்டு போயிடுச்சே!" ரெண்டு வீட்டிலும் ஃபேன் சுற்றுகிறது. செல்வி அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிதானமாகச் சொல்கிறாள்: "கரண்டு போயிடுச்சிக்கா."