வீட்டுக்காரர் சொல்லிட்டாரு

“பொம்பளைங்ககிட்ட நன்கொடை கேட்டா இதான் நடக்கும். ‘வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்றேன்’னு அந்தம்மா ஃபோன்லயே சொல்லிட்டாங்க பாருங்க. நேரா அந்த மனுஷனையே பிடிச்சிருக்கலாம்!”

ஹட்டனிலிருந்து வட்டவளை வரும்வரை நிரஞ்சன் இதையே சொல்லிக்கொண்டு வந்தார். பல்கலைக்கழகத்துக்கு நிதி திரட்டும் பிரிவின் தலைவர் அவர். கூட வந்த சுலக்ஷனா அதே பிரிவில் வேலை செய்பவள். படித்து முடித்துப் போன பெண்களிடமும் கேட்போம் என்பது அவளுடைய யோசனை. இந்த முதல் முயற்சி பிசகினால் யோசனைக்கு மூடுவிழா என்று அவர் அறிவித்தாயிற்று. தேயிலைத் தோட்டங்களிலிருந்து படிக்க வரும் பெண் பிள்ளைகளுக்குக் கட்ட நினைத்த விடுதியும் அதோடு போய்விடும்.

ஜெயந்தினி வாசலுக்கே வந்து வரவேற்றாள். அதே பல்கலைக்கழகத்தில் படித்தவள், இப்போது நான்கு லொறிகளுக்கு முதலாளி. தூறலுக்குக் கழுத்துவரை ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

“ஐயா இல்லீங்களா?” என்றார் நிரஞ்சன், உட்காருவதற்கு முன்பே.

“முதல்ல எங்கிட்ட பேசுங்க சேர்.”

சுலக்ஷனா விடுதியைப் பற்றி விளக்கினாள். ஜெயந்தினி யோசிக்கவே இல்லை.

“பாதிச் செலவை நான் ஏத்துக்கிறேன். ஆனா விடுதிக் கமிட்டியில கொழுந்து எடுக்கிற அம்மாமார் ரெண்டு பேர் இருக்கணும். கூட்டத்தை ஞாயித்துக்கிழமை வைங்க. மத்த நாள்ல வந்தா அவங்களுக்கு அன்னைக்குச் சம்பளம் போயிரும்.”

நிரஞ்சன் சிரித்தார். “அதெல்லாம் சரிவராதும்மா. உங்களுக்கு நிர்வாகம் புரியாது.”

நாலு லொறியையும் நாலு சாரதிகளையும் கட்டி மேய்க்கிறவளுக்கு நிர்வாகம் புரியாதாம்! சுலக்ஷனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அப்படீங்களா? அப்ப வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துர்றேன்.” ஜெயந்தினி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“நான் சொல்லல?” என்று நிரஞ்சன் காலை ஆட்டினார்.

அவள் திரும்பி வந்தபோது முகம் இறுகியிருந்தது.

“அவரு ரொம்பக் கண்டிப்பு சேர். அம்மாமார் ரெண்டு பேர் பத்தாதாம், மூணு பேர் வேணுமாம். விடுதிக்கு என் பேரைத்தான் வைக்கணுமாம். இல்லாட்டி ஒரு சல்லியும் குடுக்காதங்கிறாரு.”

நிரஞ்சன் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஐயா சொன்னா அதுல நியாயம் இருக்கும். அனுபவப்பட்டவர் பேச்சு! மூணு பேரே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமையே கூடுவோம்.”

சுலக்ஷனாவுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். பெண்டாட்டி சொன்னால் கசக்கிறது, அதையே புருஷன் சொன்னால் இனிக்கிறது!

எல்லா நிபந்தனைகளுக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, காசோலையை வாங்கிக்கொண்டு நிரஞ்சன் எழுந்தார்.

“இவ்வளவு பெரிய மனசுள்ளவரைப் பார்க்காமப் போகலாமா? ஐயாவைக் கொஞ்சம் கூப்பிடுங்க, ஒரு கும்பிடு போட்டுட்டுப் போறோம்.”

“எனக்கும் அவரைப் பார்க்க ஆசைதான் சேர்,” என்றாள் ஜெயந்தினி. “வீட்டுல இன்னும் மாப்பிள்ளை தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க.”