குரல் மட்டும் போதும்

"மூஞ்சி தெரிய வேணாம்மா. கொரலு மட்டும் கேட்டா போதும்" என்றாள் தைலம்மாள்.

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த அந்தக் கடையில், விற்பனைப் பெண் தேவதர்ஷினி இரண்டு பிளேயர்களை எடுத்து வைத்திருந்தாள். ஒன்று கையகலத் திரையில் வீடியோவும் காட்டும். மற்றது பாட்டு மட்டும்தான் பாடும், ஆனால் ஸ்பீக்கர் பெரியது.

"ஏன், என் மூஞ்சிக்கு இன்னா கொறைச்சலு?" என்றார் கணவர் பச்சமுத்து. "திருவிழாவுல நான் பாடுனத மருமவன் வீடியோ புடிச்சி வச்சிருக்கான். படம் வர்றதையே எடுக்கலாம்."

"பாடறது ஐயாவா?"

"பின்ன! ராத்திரியானா நான் மக்காச்சோளக் காட்டுக்குக் காவலுக்குப் போயிடறேன். இவ வூட்டுல தனியா. என் பாட்டு வேணுமாம். இவளேதான் கேட்டா!"

சொல்லும்போதே இருமல் வந்தது. அதையும் மீறிச் சிரிப்பு வந்தது.

வராதா பின்னே? கல்யாணமான நாளிலிருந்து, அவர் தொண்டையைச் செருமினாலே தைலம்மாளுக்கு அடுப்படியில் அவசர வேலை வந்துவிடும். மார்கழி பஜனையில்கூட ஊரார் அவர் கையில் ஜால்ராவைக் கொடுத்து, வாயை அடைத்துவிட்டார்கள். அப்படிப்பட்டவரிடம் பெண்டாட்டியே வந்து, "நாலு பாட்டு பாடி பதிவு பண்ணி குடுய்யா" என்றால் மனுஷனுக்குத் தலைகால் புரியுமா? பாடி, மெமரி கார்டில் ஏற்றி, சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"போன்லயே கேக்கலாமேம்மா?" என்றாள் தேவதர்ஷினி.

"போனு அவரு கூடவே போயிடும். இது தனியா இருக்கணும். ஆமா, பனியில வச்சா கெட்டுப்பூடாதா?"

"வாசல்ல கட்டிலு போட்டுக் கேப்பா போலக்கீது" என்று பச்சமுத்து பெருமையாக விளக்கம் சொன்னார்.

"ஸ்பீக்கர் பெருசா இருக்கறது பனி, தூறல் எல்லாம் தாங்கும்மா. ஒரு தடவ சார்ஜ் போட்டா விடியற வரைக்கும் பாடும். படம் வர்றது அவ்வளவு நேரம் தாங்காது. சத்தமும் கம்மி."

"பாட்டு எல்லாம் முடிஞ்சா திரும்ப மொதல்லேருந்து வருமா?"

"நிறுத்தற வரைக்கும் வரும்."

"விடிய விடியவா கேக்கப் போற?" பச்சமுத்துவின் குரல் தழுதழுத்தது. "ஒனக்கு என் பாட்டு இவ்ளோ புடிக்கும்னு இத்தினி நாளா சொல்லவே இல்லியே, தைலம்மா!"

"எல்லாத்தையும் வாயால சொல்லிக்கினா இருப்பாங்க? நீ கார்ட குடு."

தேவதர்ஷினி கார்டைப் போட்டு, ஒலியைக் கூட்டினாள். பச்சமுத்துவின் குரல் கடையை விட்டுத் தெருவுக்குப் பாய்ந்தது. வாசலில் சுருண்டு படுத்திருந்த நாய் திடுக்கிட்டு எழுந்து, ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஓடியது. பச்சமுத்து கண்ணை மூடித் தலையாட்டிக் கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

தைலம்மாள் கவனித்தாள். நாய் கண்ணிலிருந்து மறையும் வரை பார்த்தாள்.

"இதையே கட்டிக் குடும்மா" என்றாள் திருப்தியாக.

அதற்குள் கச்சிராயபாளையம் பஸ் வந்து நின்றது. ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிக்கப் பச்சமுத்து ஓடினார். இருமிக்கொண்டே ஓடினாலும் நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

பிளேயரைப் பெட்டியில் வைத்தபடி தேவதர்ஷினி கேலியாகச் சிரித்தாள். "ஐயா குடுத்து வச்சவருதான். அவரு பாட்டு மேல இவ்ளோ உசுரா உங்களுக்கு?"

"உசுரு பாட்டு மேல இல்லம்மா, அவரு மேல." தைலம்மாள் பஸ் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இந்த இருமலோட ராத்திரி பூரா பனியில ஒக்காந்துக்கினு இருக்காரு, பாக்க முடியல. இனிமே அவரு வூட்டுல தூங்கட்டும், இத காட்டுல கட்டித் தொங்கவுட்டுடறேன். போன அமாவாசைக்குத் தூக்கம் வரக்கூடாதுன்னு விடிய விடிய பாடிக்கினு இருந்தாரு பாரு, அன்னிக்கு மட்டும்தாம்மா எங்க சோளத்துப் பக்கம் ஒரு காட்டுப்பன்னிகூட எட்டிப் பாக்கல!"