விரல் நின்ற வரி

ஜன்னல் வெயில் மேஜையில் சாய்ந்து கிடக்கிறது. குழந்தைகளுக்கு மருந்தளவு கணக்கிடும் தன் கணினி புரோகிராமை, நிரல் வரிகளையும் அவற்றின் விளக்கத்தையும் சேர்த்து எழுத உதவும் இரண்டு மென்பொருள்களில் போட்டு, தனித்தனியாக அச்செடுத்து வைத்திருக்கிறாள் அவள். இரண்டில் எந்த மென்பொருளை வைத்துக்கொள்வது என்றுதான் புரியவில்லை. முதல் தாள்கட்டு வண்ணத்தில் கண்ணைப் பறிக்கிறது. விளக்கமெல்லாம் முன்னால், நிரலெல்லாம் பின்னால். வார்டு நர்ஸ் நின்றபடியே புரட்டிவிட்டு, "ஜோரா இருக்கும்மா" என்கிறார். அடுத்தது கறுப்பு வெள்ளை. ஒவ்வொரு விளக்கத்துக்கும் நேர் கீழே அதற்கான நிரல். நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார். விரல் வரி வரியாக இறங்கி ஓரிடத்தில் நிற்கிறது. "குழந்தையோட எடையைக் கேக்கும்னு மேல எழுதியிருக்கியே, கீழ எங்கம்மா கேக்குது?" மூன்று மாதமாக அவள் தினமும் பார்த்த வரிகள்; எடையைக் கேட்கும் வரி அங்கே இல்லவே இல்லை. மின்விசிறிக் காற்றில் வண்ணத் தாள்கள் ஒவ்வொன்றாகத் தரையில் இறங்குகின்றன. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "விரலை எடுத்துடாதீங்கக்கா" என்கிறாள்.