ஒன்பதாம் பக்கம்

மழை பிடித்துக்கொண்டது, எறும்புகளுக்கு மேட்டுக்குப் போக வழி தெரியவில்லை.

நேற்றுத்தான் எறும்புத் தலைவர் ஆண்டறிக்கை வாசித்தார். அவர்களின் புற்றில் விதை போட்டு வைத்திருந்த அணிலும் போய்க் கேட்டது. அதன் குட்டிகளுக்கு மழைக்காலம் முழுக்க அந்த விதைதான் சோறு.

“அறிவுதான் நம் பெரிய சொத்து. மேட்டுக்கு வழி தெரிந்தவர்கள் நாலாயிரம் பேர். ஒன்பதாம் பக்கம் பாருங்கள்,” என்றார் தலைவர். கைதட்டினார்கள்.

இன்று புற்றுக்குள் தண்ணீர். நாலாயிரம் பேரும் ஆளுக்கொரு விதையைத் தூக்கிக்கொண்டு வரிசையாகக் கிளம்பினார்கள். ஒரு மரத்தையே சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

“ஐயா, இது மூணாவது சுத்து!” அணில் பதறியது. “வழி தெரியும்னு எப்படி எழுதினீங்க?”

“ஒவ்வொருத்தரையும் கேட்டோம்மா. போன மழைக்கு மேட்டுக்குப் போனேன்னாங்க. எழுதிக்கிட்டோம்.”

“எப்படிப் போனாங்களாம்?”

“முன்னாடி போறவர் பின்னாடிதான்.”

“எல்லாருக்கும் முன்னாடி போனது யாரு?”

“அவரு செத்து ஒரு மாசம் ஆச்சு. உடம்பை மேட்டுலதான் போட்டிருக்கு.”

“மேட்டுக்குத் தூக்கிட்டுப் போனது யாருய்யா?”

“பிணம் தூக்குறவ. தனியாப் போய்த் தனியா வருவா. வரிசையில சேராதவளை நாங்க கேட்கலை.”

“ஓடிப்போய்க் கூப்பிடுங்க! என் குட்டிங்க பட்டினி கிடக்கும்!”

அவள் வந்தாள். மரத்தைச் சுற்றுகிறவர்களை ஒரு நிமிடம் பார்த்தாள். “போதும், இப்படி வாங்க,” என்று நடந்தாள்.

விதையெல்லாம் மேடு சேர்ந்தது. சேர்த்தவள் பெயர் பவளாயி.