பாட்டன் தலைமாட்டுக் கல்

புளியமர நிழல் மண்ணில் அசைகிறது. கொல்லை மூலையில், குடும்பத்துச் சமாதிகளுக்கு நட்ட கற்களை அப்பா சடையன் தொட்டுத் தொட்டுப் பெயர் சொல்ல, வீட்டின் முதல் பட்டதாரி சிவரஞ்சனி போனில் ஏற்றிக்கொள்கிறாள். பாட்டன் தலைமாட்டில் கல் இல்லை, வெறும் பள்ளம். “எவன்பா புடுங்கினான்? பேரச் சொல்லு, கேஸ் போடறேன்” என்று சீறுகிறாள். அப்பா துண்டால் கழுத்தைத் துடைக்கிறார். “பாத்ரூம் கட்டினாத்தான் வூட்டுக்கு வருவேன்னு நீதானம்மா சொன்ன. அகலமான கல்லு வேற கிடைக்கல. நாந்தான் எடுத்தாந்து போட்டேன். பாட்டன் இன்னா, சண்டைக்கா வரப்போறாரு?” காலையில் அதன்மேல் நின்றுதான் அவள் குதிகாலைத் தேய்த்துக் கழுவினாள், வழுக்குகிறதென்று கத்தவும் செய்தாள். அப்பா சிரிக்கப் பார்க்கிறார். “வுடு. பாட்டன் பேர எழுதிக்க.” அவள் விரல் போனில் அசையவில்லை. செருப்புக்குள் கால்விரல்கள் மட்டும் மடங்குகின்றன.