கியர் விழவில்லை

"ஏறும்மா, சீக்கிரம் ஏறு! கதவைச் சாத்து!"

மாமனார் காரை ஸ்டார்ட் செய்தார். அவள் மடியில் குழந்தைக்கு மூச்சு இழுப்பு. உதடு நீலம் பாரித்திருந்தது.

என்ஜின் உறுமியது. கார் நகரவில்லை. ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர் போடுகிற அந்தக் காலத்துக் கார். அவர் கியர் ராடை மேலே தள்ளினார், கீழே இழுத்தார். விழப்போகும் பல் மாதிரி அது ஆடியதே தவிர, பிடிக்கவில்லை.

"கியர் விழலைம்மா! இறங்கு, இறங்கு!"

தெருமுனைக்கு ஓடி, வந்த வேனை மறித்து, எப்படியோ ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள். குழந்தை பிழைத்தது.

"நல்லவேளை. அடுத்த தடவை இவ்வளவு தாமதம் தாங்காது" என்றார் டாக்டர்.

அந்த வார்த்தையும் அவர்களோடு வீட்டுக்கு வந்துவிட்டது. குழந்தையின் மார்பில் கையை வைத்தபடியே படுத்தாள். மூச்சு கொஞ்சம் சத்தமாக வந்தால் அவளுக்கு உயிர் போனது. சத்தமே இல்லாவிட்டால் இன்னும் பயமாக இருந்தது. கணவனுக்குக் கப்பலில் வேலை. வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்தவர் மாமனார் ஒருவர்தான்.

"மாமா, காரைச் சரி பண்ணிடலாமே?"

"கியர் பாக்ஸே போச்சும்மா. இந்த வண்டிக்கு இப்ப சாமான் எங்கேயும் கிடைக்காது."

"ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினா..."

"எவனும் அதைத் தொடக் கூடாது!"

இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் குரல் உயர்த்தியதே இல்லை. சொல்லிவிட்டு, மஞ்சள் துணியை எடுத்துக்கொண்டு காரைத் துடைக்கப் போய்விட்டார்.

"விடும்மா" என்றார் மாமியார். "என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடியே அதைக் கட்டிக்கிட்ட மனுஷன். இந்த வீட்ல நானே ரெண்டாந்தாரம்தான்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பேத்தியைவிடக் கார் பெரிசா?

மறுநாள் மாமனார் நடக்கப் போன நேரம் பார்த்து மெக்கானிக்கை வரவழைத்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணைக் கேட்டிலேயே வைத்திருந்தாள்.

"அவர் வர்றதுக்குள்ள முடிஞ்சிடுமா?"

"கியர் பாக்ஸ்தானே? தூக்கத்துல எழுப்பிவிட்டாக்கூடப் பிரிச்சிடுவேன். திரும்பப் பூட்டத்தான் முழிச்சிருக்கணும்" என்றபடி அவன் காருக்கடியில் புகுந்தான்.

கொஞ்ச நேரத்தில் எண்ணெய் தோய்ந்த விரலை மட்டும் வெளியே நீட்டினான்.

"பாருங்கக்கா. பல்லு உடைஞ்சிருந்தா இந்த ஆயில்ல இரும்புத்தூள் மின்னும். இது தேன் மாதிரி இருக்கு."

"அப்படின்னா?"

"பொறுங்க." உள்ளேயிருந்து 'டக், டக்' என்று சத்தம். "கையால தள்ளினா எல்லா கியரும் விழுது. பாக்ஸ் கல்லு மாதிரி இருக்கு."

வெளியே வந்து பானெட்டைத் திறந்தான். ஸ்டியரிங் தண்டின் அடிப்பக்கம் குனிந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா, இங்க விரல் நீளத்துக்கு ஒரு ஆணி இருக்கணும். அதுதான் ராடையும் பாக்ஸையும் சேர்க்கிறது. அதைக் காணோம்."

"எங்கேயாவது விழுந்திருக்குமா?"

"விழுந்திருந்தா ராடுலேருந்து வர்ற இந்தக் கம்பி தொங்கும். இதைத் தொங்காம கட்டி வெச்சிருக்காங்க. வேணும்னே கழட்டியிருக்காங்க."

அவள் எட்டிப் பார்த்தாள். கம்பியைக் கட்டியிருந்தது, மஞ்சள் துணியில் கிழித்த ஒரு நாடா.

நீலம் பாரித்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவள் கதறியபோது, ராடை மேலும் கீழும் ஆட்டியதெல்லாம் நடிப்பா? இந்த மனிதரை நம்பியா இந்த வீட்டில் குழந்தையை வைத்திருக்கிறோம்?

"வேற ஆணி போடுங்க. சீக்கிரம்! நான் அம்மா வீட்டுக்கே..."

கேட் திறந்தது.

மாமனார் திறந்த பானெட்டைப் பார்த்தார். மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் ஸ்பேனரைத் தேடுகிற சாக்கில் தன் வண்டிப் பக்கம் நழுவினான்.

அவள் குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஏன் மாமா கழட்டினீங்க? என் குழந்தை செத்திருக்குமே!"

அவர் மட்கார்டைப் பிடித்துக்கொண்டார்.

"கடைத்தெருவுக்குப் போயிட்டு வரும்போது ஒருநாள் கண்ணு இருட்டிடுச்சும்மா. முழிச்சுப் பார்த்தா, மரத்துக்கு ஒரு சாண் தள்ளி கார் நிக்குது. இனிமே ஸ்டியரிங்கைத் தொடாதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா உன் புருஷன் வேலையை உதறிட்டு வந்து நிப்பான். சும்மா ஓட்டாம இருக்கலாம்னுதான் முதல்ல நினைச்சேன். ஆனா குழந்தைக்கு மூச்சுத் திணறும்போது நீ அழுதா, என்னால முடியாதுன்னு சொல்ல மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். அதான் கழட்டினேன்."

"அப்புறம் அன்னிக்கு எதுக்கு ஸ்டார்ட் பண்ணினீங்க?"

"நீ கத்தினதும் கழட்டினதே மறந்துபோச்சும்மா. ஓட்டத்தான் போனேன், உங்க ரெண்டு பேரையும் வெச்சுக்கிட்டு."

அவள் தோளில் குழந்தை சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

சட்டைப் பையிலிருந்து அந்த ஆணியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார்.

"நாளைக்கே நீ கார் ஓட்டக் கத்துக்க ஆரம்பி. அதுவரைக்கும், நான் கால்ல விழுந்து கேட்டாலும் இதை என்கிட்ட கொடுத்துடாதே."