கம்ப்யூட்டருக்கு நல்ல நேரம்

சோமனூர் மில் கம்ப்யூட்டரில் சர்வீஸ் இன்ஜினியர் ஜெரோம், அதை இயக்கும் அடிப்படை மென்பொருளான கெர்னலைப் புதிதாக ஏற்றி முடித்தபோது, திங்கட்கிழமை காலை மணி பத்தே முக்கால். எமகண்டம் தொடங்கிவிட்டது.

"வருகைப் பதிவோட முதல் சீட்டு ஒம்பதுக்கு மேல, பத்தரைக்குள்ள அச்சாகோணும். இல்லாட்டி மெஷினைத் தூக்கிட்டுப் போயிருங்க!" என்று முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார்.

ஆபரேட்டர் மோகனப்பிரியா தண்ணீர் குடிக்கப் போன இடைவெளியில், ஜெரோம் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளினான்.

திரும்பி வந்தவள் பழைய வருகைப் ப்ரோகிராமைத் திறந்து பொத்தானை அமுக்கினாள். முதல் சீட்டு வெளியே வந்தது.

அதில் அச்சாகியிருந்த நேரம் 8.45. சுத்த ராகு காலம்!

வாசலில் முதலாளியின் கார் ஹாரன் கேட்டது.

"இதெப்படிங்க? நான் ஒரு மணி நேரந்தானே தள்ளி வெச்சேன்!" ஜெரோம் பதறினான்.

மோகனப்பிரியா சீட்டைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"ஐயோ, நீங்களுமா? எப்படியும் லேட் பண்ணுவீங்கன்னு, நேத்தே ப்ரோகிராமுல ஒரு மணி நேரம் கொறச்சுப்போட்டேனுங்க!"